சரக்கின் பெயர்

பானிபட்டில் ஜனவரி மூடுபனி
லாரிகளையே விழுங்கிவிடும்.
ஹாரன் முன்னால் வரும், வண்டி பிறகு.
அந்த மின்னஞ்சலும் அப்படித்தான் வந்தது:
சொல் அன்றைக்கே,
பொருள் நான்கு நாள் கழித்து.

"உங்கள் போர்வைகள் ஷாடி."
அவ்வளவுதான்.
கீழே ஏதோ துறைமுக ஊரின் பெயர்.

ரோத்தாஷ் இருபத்திரண்டு வருடமாக
அந்த ஆலையில் கணக்கெழுதுகிறான்.
அவனுக்குத் தெரிந்த ஷாடி,
குளிர்தேசத்துக் கோட்டுகள் பொதிபொதியாய் இறங்கி
அரிவாள்மணையில் பொத்தானும் ஜிப்பும் இழந்து
சிவப்பு சிவப்போடும் சாம்பல் சாம்பலோடும் போய்
பல் வைத்த உருளையில் கிழிந்து பஞ்சாகி
மறுபடி நூலாகிற கம்பளி.
வாசலில் எட்டடிப் பலகையில் எழுதியிருப்பது.
இமர்த்தி தேவி மகள் கல்யாணத்துக்குக் கடன் கேட்டபோது
"ஷாடியால்தான் ஷாதி" என்று
முதலாளி சிரித்துக்கொண்டே எண்ணித் தந்தது.
வட்டி மட்டும் சிரிக்கவில்லை.

ஆகவே பதில் எழுதினான்:
"மிக்க நன்றி. நூற்றுக்கு நூறு ஷாடிதான்.
வேறெதுவும் கலக்கவில்லை.
அடுத்த முறையும் இப்படியே அனுப்புவோம்."

பணம் நின்றது.
அங்கிருந்து ஒரு போன், இங்கிருந்து மூன்று.
இரண்டு பக்கமும் சத்தம் ஏற ஏற
இரண்டு பக்கமும் அதே சொல்.

முதலாளியின் மகள் இஷிகா, டேராடூனில் படித்தவள்,
கடிதத்தைப் படித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.
"அங்கிள், அங்கே இதற்கு அர்த்தம் மட்டம்.
ஒப்பேற்றி முடித்தது. ஏமாற்று.
கம்பளிக்குப் பிறந்த சொல்தான்,
பிறகு வசவாகப் போய்விட்டது."

ரோத்தாஷ் ஜன்னல் வழியே பலகையைப் பார்த்தான்.
இருபத்திரண்டு வருடம்
ஒரு வசவின் நிழலில் சைக்கிள் நிறுத்தியிருக்கிறான்.

நான் என்னத்தைச் சொல்ல?
என் மொழியில்
ஆட்டின் மேல் முளைப்பதற்கு ஒரு பெயர் இருந்தது.
அரசியின் தலைக்கும் அதையே சொன்னார்கள்,
அவள் கோபிக்கவில்லை.
இன்று பேருந்தில் சொன்னால் பல் போகும்.
பக்கத்துக் கடையில் உரோமம் வாங்கி வந்து
செம்மறியின் மானத்தைக் காக்கிறோம்.
செம்மறியை யாரும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள்
புகாருக்குரிய போர்வையில் ஒன்று திரும்பி வந்தது.
இமர்த்தி அதைத் தரையில் விரித்தாள்.
சொல்லைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை.
நடுவில் ஓடிய சிவப்பு இழையைத் தொட்டு
"இது தீபாவளிக்கு முன்னால் பிரித்த பொதி" என்றாள்.
கட்டைவிரல் ஓரத்தில் நகர்ந்து
ஓரிடத்தில் உள்ளே போனது.
பதினோரு அங்குலம் தையல் விட்டிருந்தது.

"ராத்திரி ஷிப்ட். மூன்றாம் மெஷின்.
ஊசி மழுங்கியிருக்கிறது, போன வாரமே சொன்னேன்.
ஓரம் பிரிகிறது என்று எழுத
அவனுக்கு என்ன கேடு?"

"அதைத்தான் எழுதியிருக்கிறான்" என்றான் ரோத்தாஷ்.
தொண்டையைச் செருமிக்கொண்டு,
முதல்முறையாக அவர்கள் அர்த்தத்தில்,
"இந்தத் தையல் ஷாடி."

இமர்த்தி நிமிர்ந்து பார்த்தாள்.
பிரிந்த நூலை உருவி
அவன் மேஜைவிளக்கின் கீழே பிடித்தாள்.
"இது பாலியெஸ்டர்" என்றாள்.
"ஷாடி பிரியவில்லை."

ஊசி மாற்றினார்கள்.
ஆயிரத்து இருநூறு போர்வைக்குப் புது ஓரம்,
இரண்டு ராத்திரி, கூடுதல் கூலியில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலை
ரோத்தாஷ் பில் அடிக்க உட்கார்ந்தான்.
எண், தேதி, எடை, எல்லாம் ஓடின.
'சரக்கின் பெயர்' என்ற கட்டத்தில்
விரல் நின்றது.

வெளியே ஹாரன் கேட்டது.
வண்டி இன்னும் தெரியவில்லை.